கிணற்றடிக் கல்

1988 செப்டம்பர் 18, ஞாயிறு

கிணற்றடியில் இருக்கும் துவைகல்லின் ஒரு முனை இன்று உடைந்துவிட்டது. அம்மிக் குழவி கைதவறி அதன்மேல் விழுந்தது. அம்மி அடுக்களையில் இருக்கிறது, கல் கொல்லையில் இருக்கிறது. அத்தை அதைத்தான் கேட்டார்: "கொழவிக்குக் காலு மொளச்சிருக்கோ?" கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சிரட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

பூசைக்குப் போகவில்லை. எனக்குத் தலைவலி என்று என் கணவர் கோயிலில் சொல்லிக்கொள்வார்.

உடைந்த துண்டு உள்ளங்கை அளவுதான். எடுத்துக் கழுவினேன். மேல்பக்கம் துணி அடித்து அடித்துத் தேய்ந்த கல். அடிப்பக்கம் வழவழவென்று இழைத்த கருங்கல், அதில் உளியால் வெட்டிய எழுத்துகள்: "ளுங்கள்."

துவைகல்லுக்கு எதற்கு எழுத்து? எழுதியதை எதற்கு மண்ணைப் பார்த்துக் கவிழ்க்க வேண்டும்? என் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே கல்லறைகளில்தான். அங்கே எல்லாக் கல்லும் ஒரே சொல்லில் முடியும். இவர் ஆத்துமம் இளைப்பாற வேண்டிக்கொள்ளுங்கள்.

துண்டை இந்த நோட்டுடன் சேர்த்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் யாரும் மாதாவை நகர்த்த மாட்டார்கள்.

செப்டம்பர் 19

இடது காதில் வண்டு இரைகிறது. பாகற்காய்ப் புளிக்குழம்பு. அவருக்குப் பிடித்திருந்தது. நல்ல நாள்.

செப்டம்பர் 24

அத்தையிடம் கேட்டேன், கல் எங்கிருந்து வந்ததென்று.

"கோயில் கட்டுனப்ப மிஞ்சுன கல்லு."

"எந்தக் கோயில் அத்தை?"

"ஒனக்கு வக்கீலுப் படிப்பாட்டி படிச்சுக் குடுத்தாவ? அரிசியக் களை."

வரலாறுதான் படித்தேன். எம்.ஏ. படித்த மருமகள் என்று கல்யாணத்தின்போது ஊர் முழுக்கச் சொன்னவரும் இவர்தான்.

அரிசி களையும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் கல்லறைத் திருநாள் அன்று, எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிய பிறகு, அத்தை இந்தக் கல்லின்மேல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். கேட்டதற்கு, பாம்பு வராமல் இருக்க என்றார். புது மருமகள், நம்பினேன்.

அக்டோபர் 1

அப்பா வந்திருந்தார். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாமல் ஆளே வந்துவிட்டார் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன். பை நிறைய மஸ்கோத் அல்வா, எனக்குப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு புத்தகங்கள். அவரும் அப்பாவும் கூடத்தில் அரசியல் பேசிச் சிரித்தார்கள். வாதம் விழுந்த மாமாகூட நாற்காலியில் சாய்ந்தபடி, கோணிய வாயால் "சாருக்குக் காப்பி குடுங்க" என்றார். என் கணவர் எழுந்து போய் அப்பாவுக்கு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். அரிவாளை அவ்வளவு லாவகமாகப் பிடிப்பார்.

கிணற்றடிக்கு நான் தனியாகப் போனபோது அப்பாவும் பின்னால் வந்தார். முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார்.

"அரசி, அடிக்கிற கைதான் அணைக்கும். ஒரு பிள்ளை பெறந்துட்டா எல்லாம் சரியாயிரும்."

"இல்லன்னா அப்பா?"

"ஒங்க அம்மா இருந்தா அவ சொல்லுவா. எனக்குச் சொல்லத் தெரியல பிள்ளே. பொறுத்துப் போ."

தலைமையாசிரியராக இருந்தவர். சொல்லத் தெரியவில்லை என்று அவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

என் கணவரே அப்பாவைப் பேருந்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

அக்டோபர் 2

அப்பாவுக்குக் கடிதம் எழுதியது தெரிந்துவிட்டது. இன்று எழுத முடியவில்லை.

அக்டோபர் 7, முதல் வெள்ளி

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மாமா குடும்பத்துக் கல்லறைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கல் உண்டு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெறும் மண். தலைமாட்டில் எதையோ பிடுங்கிய பள்ளம் அப்படியே இருந்தது.

அங்கே ஓர் அம்மாள் குனிந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் கருவாட்டுக் கூடை.

"யாரோட கல்லறை?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா பிரகாசி. நீ யாரு வீடு?"

தெற்குத் தெரு என்று பொய் சொன்னேன்.

"திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கே?"

"அன்னைக்கு வந்தா அந்த சூசமிக்கேல் வீட்டு ஆம்பளைய வெரட்டுவானுவ. அதான் முந்தியே வந்து செரைச்சிட்டுப் போவேன். செத்தவளுக்குத் தேதி தெரியவா போவுது?"

சூசைமிக்கேல் என் மாமனார். பிரகாசி அவருடைய முதல் தாரம். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இப்படி ஒரு பெயரை ஒருவர்கூட உச்சரித்ததில்லை.

அந்த அம்மாளின் பெயர் வியாகுலம். மண்வெட்டியை நிறுத்தாமலே பேசினார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், 1957 ஐப்பசி, கிணற்றில் மிதந்தாளாம். தண்ணீர் எடுக்கும்போது வழுக்கி விழுந்தாள் என்று போலீசு எழுதிக்கொண்டது. "தண்ணிக்குள்ள விழுந்தவளுக்குப் பொடதி மண்ட எப்படி மா கணக்கா நொறுங்கும்? குளிப்பாட்டுனது நானு. என் வெரலு உள்ள போச்சு." அவருடைய அப்பா சவரிமுத்து ஒரு கல் வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, விடியுமுன் இங்கே நட்டாராம். பங்குச் சாமியாரும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு பார்த்தால் பள்ளம்தான் இருந்தது.

"என்ன எழுதியிருந்தது?"

"எனக்கு எழுத்து தெரியாது. அப்பா சாவுற மட்டும் ஜெபம் மாதிரி சொல்லிட்டுக் கெடந்தாரு. 'பிரகாசி, சவரிமுத்து மகள், கிணற்றில் விழவில்லை, அடித்துக் கொன்றார்கள்.' அதுக்கு மேல சொல்ல வந்தா அழுதுருவாரு. கல்லக் கடல்ல போட்டுட்டானுவன்னு பேச்சு."

நேற்று அந்தக் கல்லில் படுக்கை விரிப்பு துவைத்தேன்.

கிளம்பும்போது வியாகுலம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ என்ன?"

"கதவு இடிச்சிட்டு."

"எங்க அக்காளையும் கதவுதான் இடிக்கும்" என்றார். "சனிக்கெழமச் சந்தையில புளிய மரத்துக்கு அடியில இருப்பேன். கருவாடு வாங்கணும்னா வா. கருவாடு வாங்காட்டியும் வா."

அக்டோபர் 8

நடுகற்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆநிரை மீட்டுப் பட்டான், ஊர் காத்துப் பட்டான் என்று வெட்டியிருப்பார்கள். அடுக்களையில் பட்டாள் என்று ஒரு கல்லையும் நான் பார்த்ததில்லை. ஒருவர் வெட்டினார், அதன்மேல் சோப்புப் போட்டிருக்கிறார்கள்.

புரியாத ஒன்று: அவர்கள் ஏன் அதை உடைக்கவில்லை? கிணற்றடிவரை சுமந்துவந்து, சிமெண்டு குழைத்து, பத்திரமாகக் கவிழ்த்து வைத்தது எதற்கு?

அக்டோபர் 9

அத்தையே சொல்லிவிட்டார். நான் துண்டை எடுத்துக் காட்டியதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"தலமாட்டுல குருசு வெட்டியிருக்கு. மந்திரிச்ச குருசு. அத ஒடச்சா குடும்பம் வெளங்காதுன்னு ஒங்க மாமா பயந்துட்டாவ."

கொலைக்குப் பயப்படாதவர் சிலுவையை உடைக்கப் பயந்திருக்கிறார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் அத்தை?"

"வந்த மொத வருசம். கொழம்புல உப்புக் கூடிட்டு. என் தலயப் பிடிச்சு அந்தக் கல்லுல வச்சு, 'இதுக்கு அடியில ஒருத்தி கெடக்கா, ஒனக்கும் எடம் இருக்கு'ன்னாவ." அத்தை ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினார். "முப்பது வருசமா உப்பு கொறச்சுத்தான் போடுதேன்."

அக்டோபர் 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குழவி கைதவறி விழவில்லை. என் கணவர் ததேயு என் தலையைக் குறிவைத்து எறிந்தது. கதவு என்னை இடிக்கவில்லை.

நேற்றுக் காலை மாமாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, "பிரகாசியம்மா எப்படி இருப்பாவ மாமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் கண் பிதுங்கியது. கஞ்சியைத் துப்பிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தார். ததேயு ஓடிவந்தார். கேட்டார். மாமா சொன்னார்.

என் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு கொல்லைவரை இழுத்துப் போனார். வாசற்படிகளில் என் முழங்கால் இடித்துக்கொண்டே வந்தது. "சவத்து மூதி, செத்தவளத் தேடுதியோ? காட்டுதேன் பாரு." என் இடது கையைக் கல்லின்மேல் விரித்து வைத்து, செருப்புக் காலால் மிதித்தார். மணிக்கட்டு முறியும் சத்தம் முருங்கைக் கிளை ஒடிவதுபோல் இருந்தது. பிறகு என் நெற்றி. இரத்தம் கல்லில் சோப்பு ஓடும் அதே தடத்தில் ஓடி வடிகாலுக்குப் போனது. அதை நான் கவனித்தேன் என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

அத்தை அவர் காலைப் பிடித்தார். ததேயு அவரை உதறிவிட்டுச் சம்மட்டி எடுத்துவந்தார். என்னைத்தான் அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். அடி கல்லில் விழுந்தது.

உள்ளேயிருந்து மாமா அலறினார்: "குருசுல! ஏல, குருசு இருக்குல! ஒடைக்காதல!"

"குருசாவது மயிராவது" என்றார் ததேயு. அப்பாவுக்கு இருந்த பயம்கூட மகனுக்கு இல்லை. கல் தூள் தூளாகும்வரை அடித்து, துண்டுகளைக் கிணற்றுக்குள் போட்டார். ஒவ்வொன்றும் விழும் சத்தம் கேட்டது.

எலும்பு வைத்தியரிடம், நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று ததேயுவே சொன்னார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வழுக்கி விழுவதற்கென்றே பெயர்போன கிணறு.

அக்டோபர் 13

இரவு முழுக்க மழை. காலையில் தண்ணீர் எடுக்கப் போனேன். கல் உட்கார்ந்திருந்த சிமெண்டு மேடை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. சேற்றை மழை கழுவியிருந்தது. மேடையின் முகத்தில் ஏதோ புடைத்திருந்தது. தடவினேன்.

அன்று ஈரச் சிமெண்டில் கவிழ்த்த கல். வெட்டிய எழுத்துக்குள் சிமெண்டு புகுந்து உறைந்திருக்கிறது. வழவழப்பான கல்லென்பதால் ஒட்டாமல் பிரிந்து வந்துவிட்டது. எல்லாம் இடவலம் மாறி, தலைகீழாகக் கிடக்கிறது பிரகாசியின் கல். ததேயு பார்த்திருந்தாலும் சொரசொரப்பு என்றுதான் நினைத்திருப்பார்.

குளியலறைக் கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்து வாசித்தேன். வியாகுலம் சொன்ன வரிகள் இருந்தன. அவருடைய அப்பா சொல்ல முடியாமல் அழுத வரிகளும் இருந்தன.

அதை இங்கே எழுதமாட்டேன். ஒருவர் வாசித்துத்தான் நான் கேட்க வேண்டும்.

அக்டோபர் 14

ததேயு சாப்பிடும்போது அத்தை சொன்னார்: "துணி துவைக்கக் கல்லு இல்ல. மேட சொரண்டுது, ஒன் சட்டையெல்லாம் கிழியும்."

"மாட்டுத்தொழுவத்துல ஒரு மூட்ட சிமிண்டு கெடக்குல்லா? ஊத்திக்கிடுங்க. இதுக்கெல்லாம் கொத்தன் வைக்க முடியாது."

அவர் கிளம்பிப்போனதும் மேடையைச் சுற்றிச் செங்கல் அணைத்தோம். நான் ஒரு கையால் மணலைச் சலித்தேன். ஊற்றுவதற்கு முன் அத்தை தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து குத்தவைத்தார். நான் கேட்கவே இல்லை.

"எண்ண போட்டாத்தான் ஒட்டாது" என்றார். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். சிலுவைக்கு, பெயருக்கு, வருஷத்துக்கு. தலைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அவ்வளவு பையத் தேய்த்தார். நடுவில் பழைய ஜன்னல் கம்பிகளைப் போட்டு, கலவையை ஊற்றி, கரண்டியால் மேல்பக்கத்தை மெழுகினார்.

புடைத்த எழுத்துகள் புதுக் கல்லின் அடியில் நேராகப் பதியும் என்பதை இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 15, சனி

சந்தை. வியாகுலத்தின் கையில் உடைந்த துண்டை வைத்தேன். எழுத்துத் தெரியாதவர், கருவாட்டு விரலால் திரும்பத் திரும்பத் தடவினார்.

"எங்கிட்டி கெடந்திச்சு?"

சொன்னேன். நான் யார் வீடு என்பதையும் சொன்னேன். துப்புவார் என்று நினைத்தேன். என் கைக்கட்டைப் பார்த்தார்.

"எங்கூட இப்பவே வந்துருதியா?"

"கல்லு காயட்டும்."

"கல்லு காயுறதுக்குள்ள ஒன்னய முடிச்சிருவான்ட்டி."

எனக்கும் அந்தப் பயம் உண்டு. இருந்தாலும் போய் நிற்க அப்பா வீடு என்று ஓர் இடம் எனக்கு இருக்கிறதா என்பது அந்தக் கல் எழுந்தால்தான் தெரியும். வியாகுலத்தின் இரண்டு மகன்களையும் கல்லறைத் திருநாள் காலையில் தள்ளுவண்டியுடன் வரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைச் சந்தைத் தபால்பெட்டியில் போட்டேன். "கல்லறைத் திருநாளுக்கு இங்கே வாருங்கள். ஒரு கல்லை வாசிக்க வேண்டும். உங்கள் குரலில்."

அக்டோபர் 23

ததேயு புதுக் கல்லின்மேல் நின்று குளித்தார். "நல்லா ஒறச்சிருக்கு" என்று குதிகாலால் மிதித்துப் பார்த்தார். காலுக்கு அடியில் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 29

"மழைக்குக் கெணறு ரொம்பிட்டு பாத்தியா" என்றார் ததேயு, சோறு பிசைந்துகொண்டே. "கையெட்டுத தண்ணி."

அத்தை என்னைத் தன் பாயில் படுக்கச் சொன்னார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

காலைப் பூசைக்கு ததேயுவுடன் போனேன். மாமாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தை வீட்டில் இருந்துகொண்டார். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டதும், கடப்பாரையால் நெம்பிய வியாகுலத்தின் மகன்களுக்கு வழி சொன்னதும் அவர்தான். எண்ணெய் தடவிய கல் "தோசை மாதிரி" வந்ததாம்.

பூசை முடிந்து சாமியார் தீர்த்தச் செம்புடன் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தார், பின்னால் ஊர். மாமா வீட்டு வரிசையில் வந்ததும் நின்றார். வெறும் மண் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கல். மெழுகுவர்த்தியுடன் வியாகுலம், இரண்டு பக்கமும் மகன்கள். சாமியார் புதியவர், வயதானவர், கண் மங்கல். "யார் கல்லறை? வாசிங்களேன்" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா வந்திருந்தார். கையில் பையுடன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். என் நெற்றியையும் கைக்கட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நான் வாசிக்கேன் சாமி" என்று முன்னால் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிக்கும் குரலில் தொடங்கினார்.

"பிரகாசி. சவரிமுத்து மகள். கிணற்றில் விழவில்லை. அடித்துக் கொன்றார்கள்."

கூட்டம் அசைந்தது. ததேயு என் முறிந்த கையைப் பிடித்து முறுக்கினார். நான் கத்தினேன். என்னைக் கீழே தள்ளி இடுப்பில் ஓர் உதை. வியாகுலத்தின் மூத்த மகன் தோளில் சாத்தியிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு ததேயு கல்லை நோக்கிப் போனார்.

அப்போதுதான் அத்தை வந்தார். மாமாவைத் தனியாக விட்டுவிட்டு, அடுக்களைச் சேலையோடு ஓடிவந்திருக்கிறார். கல்லைக் கட்டிக்கொண்டு அதன்மேல் சாய்ந்தார்.

"ஒடைல. எம்மேல போட்டு ஒடை. ஒங்க அப்பன் ஒருத்திய ஒடச்சான், நீ ரெண்டு பேர ஒடை. ஊரு பாக்கட்டும்."

கடப்பாரை அவர் தலைக்குமேல் நின்றது. ததேயு இறக்கிவிடுவார் என்றே நினைத்தேன். வியாகுலம் எரிகிற மெழுகுவர்த்தியை அவர் முகத்தில் குத்தினார். கடப்பாரை நழுவி மண்ணில் குத்திட்டு நின்றது. அதற்குப் பிறகுதான் ஊர் ஆண்களுக்குக் கை வந்தது. ஐந்தாறு பேர் அவரைப் பிடித்து அமுக்கினார்கள். சாமியார் "மிச்சத்தையும் வாசிங்க சார்" என்றார்.

அப்பா குனிந்தார். வாய்க்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்திருப்பார்போல. முகம் மாறியது. பிறகு சத்தமாக வாசித்தார். வகுப்பறைக் குரல் போயிருந்தது.

"அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். வந்தபோதெல்லாம் பொறுத்துப் போ என்று திருப்பி அனுப்பினேன். எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்."

தீர்த்தம் கல்லில் விழுந்தது. அப்பா அங்கேயே முட்டி போட்டார். எழுந்து, என் நல்ல கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"மாமா," ததேயு கீழே கிடந்தபடி கூப்பிட்டார், "ஒங்க மகள இங்கிட்டு விட்டுட்டுப் போங்க."

"நடம்மா" என்றார் அப்பா என்னிடம்.

அத்தையைக் கூப்பிட்டேன். தலையை ஆட்டினார். "எனக்கு எந்த அப்பன் இருக்கான்? அந்தக் கெழம் கஞ்சிக்குக் காத்துக் கெடக்கும். நீ போ." மடியிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். மாதா படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும்?

நவம்பர் 7, அப்பா வீடு

மூன்று நாள் காய்ச்சல். அப்பா கஞ்சி வைத்தார், உப்புப் போட மறந்துவிட்டார். சேர்த்துக்கொண்டேன், அள்ளி அள்ளி.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். மாப்பிள்ளை என்ற சொல்லை அப்பா ஓரிடத்திலும் எழுதவில்லை.

மதியம் வியாகுலத்தின் மூத்த மகன் வந்தார். நேற்று யாரோ கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து கல்லைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டார்களாம். யாரோ என்றுதான் ஊரில் சொல்கிறார்களாம்.

"அத்தை எப்படி இருக்காவ?"

"நல்லாயிருக்காவ. ஒதட்டுலதான் தையலு. வேலி வழியாக் கூப்ட்டு ஒங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"என்ன சொன்னாவ?"

"எண்ண தடவி வச்சிருக்கேன்னு சொல்லுன்னாவ."

மேடையைப் பற்றி என்னிடம் எல்லாம் கேட்டிருந்த அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சிமெண்டுக் கடை மதியம் திறந்திருக்குமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டார்.